தவளையை எடுக்கிற ரீச்சர்

விளையாட்டுத் தொடங்க முன்னமே எனக்குக் களைத்துப்போகும். ரீவித் திரையில் நாற்பது முகங்கள் வரிசையாக நின்று துள்ளிக்கொண்டிருக்கும். நானும் ஜெனியும் ஆளுக்கொன்றைத் தெரிவுசெய்துவிட்டுப் பெருவிரலைத் தயாராக வைத்திருப்போம். மனையியல் ரீச்சர் மட்டும் திரையில் முந்திய பக்கத்துக்குத் திரும்பி, சட்டங்கள் என்றிருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார்.

"ஆளுக்கு மூண்டு உயிர். ஏழு நிமிசம். மேலயிருந்து விழுற சாமான் ஒண்டும் வேண்டாம். சரியோ?"

"சரி ரீச்சர்."

"ஜெனி, நீர் சொல்லேல்லை."

"ஓம் ரீச்சர், சரி. நேற்றும் இதுதானே சொன்னனீங்கள்."

"நேற்றைக்குச் சொன்னது நேற்றைக்கு."

நெடுந்தீவில் நான் ஐந்து வருடம் படிப்பித்தேன். அதில் நாலு வருடம் ஆசிரியர் விடுதியில் அவரோடு ஒரே குசினி, ஒரே கிணறு, ஒரே ரீவி. திங்கட்கிழமை விடியக் குறிகட்டுவானில் படகேறி வந்தால் வெள்ளி பின்னேரம்தான் திரும்பிப் போகலாம். நான் புவியியல். மண்டைதீவுப் பெண்ணான ஜெனி ஆரம்பப் பிரிவு. எங்கள் மூவரிலும் இளையவள். ரீச்சருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது இருக்கும். கலியாணம் செய்யவில்லை. பிரான்சில் இருக்கிற தம்பி, "தீவில இருந்து என்னக்கா செய்யிறாய், விளையாடு" என்று அந்தக் கேம் பெட்டியை ஆரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார்.

அதில் அவர் போட்டு அனுப்பியது ஒரே ஒரு விளையாட்டு. வெவ்வேறு கேம்களிலும் கார்ட்டூன்களிலும் தனித்தனியாக வாழ்கிற ஆட்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கூப்பிட்டு அடிபட விடுகிற விளையாட்டு. காரோட்டப் பந்தயக்காரன் ஒருவன், பேய் பிடிக்கிற பெண் ஒருத்தி, சட்டியும் கையுமாய் ஒரு கொழுத்த சமையல்காரர், கவசம் போட்ட வீரர்கள், ஒரு பச்சைத் தவளை. ஆகாயத்தில் மிதக்கிற தட்டுகளில் நின்று அடிபடுவார்கள். அடி விழ விழ ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் பட்ட அடியின் வீதம் ஏறும். வீதம் ஏறிய ஆள் சின்ன அடிக்கே தூரப் பறப்பார். திரையை விட்டு வெளியே போனால் ஓர் உயிர் போய்விடும். கடைசியாக நிற்கிறவர் வென்றவர். இவ்வளவுதான்.

முதல்நாள் நான், "ரீச்சர், நீங்கள் மனையியல்தானே, சமையல்காரரை எடுங்கோ" என்றேன்.

"வீட்டில சமைக்கிறது காணும்" என்று தவளையை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் வேறொன்றையும் தொட்டதில்லை.

அன்று என்னை மூன்று முறை தோற்கடித்தார். எனக்கு அதில் குறையில்லை, நான் புதிது. நாலாவது ஆட்டத்துக்கு முன் மறுபடி சட்டப் பக்கத்துக்குப் போய், தன் தவளை ஐம்பது வீத அடியோடு தொடங்கும்படி மாற்றினார். அதிலும் வென்றார். எண்பதாக்கினார். நான் வென்றேன். துள்ளி எழும்பினேன்.

"பொறும். எண்பது கூடிப்போச்சு. அறுபத்தைஞ்சில வைச்சுப் பாப்பம்" என்றார் ரீச்சர்.

வென்றது ஒரு நிமிடம்கூட என்னோடு இருக்கவில்லை. இருட்டுவதற்குள் என்னோடு விளையாட அவருக்கு எத்தனை வீதம், ஜெனியோடு எத்தனை வீதம் என்று ஒரு கொப்பியில் எழுதி ரீவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கிழமைக்கொருமுறை அதைத் திருத்துவார். அவரோடு விளையாடினால் பாதி ஆட்டம் நாம் வெல்வோம், பாதி ஆட்டம் அவர் வெல்வார். அதுதான் சரியான விளையாட்டு என்பது அவருடைய முடிவு. எனக்கோ சில நாட்களில் சும்மா ஒரு அநியாய வெற்றி தேவைப்பட்டது. அது அவரிடம் கிடைக்காது.

அந்த விளையாட்டில் முடிந்த ஆட்டத்தைச் சேமித்துவைத்துத் திரும்பப் பார்க்கிற வசதி உண்டு. எங்களுக்கு அது பெரிய துன்பமாய்ப் போயிற்று. ஜெனியின் பந்தயக்காரன் விளிம்பைப் பிடித்தானா, பிடிக்க முன்னமே விழுந்தானா என்று ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்தோம். ரீச்சர் மெதுவாக ஓட்டிப் பார்த்தார், நிறுத்திப் பார்த்தார், எழும்பிப் போய்த் திரைக்குக் கிட்ட நின்று பார்த்தார்.

"ரீச்சர், அது கேமே தீர்ப்புச் சொல்லியிட்டுது. நான் தோத்துப்போனன். எனக்குப் பசிக்குது" என்றாள் ஜெனி.

"இல்லைப் பிள்ளை, நீர் பிடிச்சிருக்கிறீர். கை பட்டிருக்கு. கேம் பிழை விட்டிருக்கு" என்றார். அந்த ஆட்டத்தைத் தனது தோல்வியாகக் கொப்பியில் எழுதினார். அன்று புட்டு ஆறிப்போயிற்று.

சமமாக முடிந்தால் அந்த விளையாட்டு இருவரையும் முந்நூறு வீத அடியோடு கொண்டுவந்து நிறுத்தும். முதலில் தொட்டவர் வெற்றி. எனக்கும் ஜெனிக்கும் அது உயிர். ரீச்சர் அந்த இடம் வந்தால் கொன்ரோலரைக் கீழே வைத்துவிடுவார். "இவ்வளவு நேரம் விளையாடினதுக்கு ஒரு தட்டோ பதில்?" என்பார். அவருடைய தவளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அடிக்க எங்களுக்கு மனம் வராது. அடிக்காமலும் இருக்கேலாது.

பள்ளிக்கூடத்திலும் அவர் இப்படித்தான். பிள்ளைகள் இல்லங்களாகப் பிரிந்து மோதுகிற இல்ல விளையாட்டுப் போட்டியில் கடைசி அஞ்சலோட்டத்துக்கு அவர் கோடு பார்க்க நின்றார். அவர் பொறுப்பாயிருந்த இல்லம் வென்று, பிள்ளைகள் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, அவர் அதிபரிடம் போய், "எங்கட மூண்டாவது பிள்ளை தடி மாறேக்க கோட்டைத் தாண்டினவள்" என்றார். வேறு எவரும் அதைக் காணவில்லை. கிண்ணம் கைமாறிற்று. அந்தப் பிள்ளை இரண்டு கிழமை அவருடைய வகுப்புக்கு வரவில்லை.

குறிகட்டுவானில் ஒருநாள் நான் முதலே ஏறிப் படகின் முன்வரிசையில் அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். அவர் பிந்தி வந்து துறையில் நின்ற வரிசையின் வாலில் போய் நின்றார். கையைக் காட்டிக் கூப்பிட்டேன். தலையை ஆட்டினார். படகு நிரம்பிவிட்டது. அவரைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் நான் இறங்கினேன். மற்றப் படகுக்கு வெயிலில் காத்து நிற்கும்போது, "நீர் ஏன் இறங்கினனீர்? உமக்கு இடம் இருந்ததுதானே" என்று என்னையே கேட்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொல்லவேண்டும். அந்தத் தம்பியைப் பார்த்து அவருக்குப் பன்னிரண்டு வருடம். சில சனி ஞாயிறுகளில் ரீச்சர் ஊருக்குப் போகாமல் விடுதியில் தங்குவார். தம்பி அங்கிருந்தும் இவர் இங்கிருந்தும் இணையத்தில் ஒன்றாக விளையாடுவதற்காக. தீவில் சிக்னல் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. ஆட்டம் இடையில் உறைந்துபோகும். தொடர்பு அறுந்தவருக்குத் தோல்வி என்று கேம் எழுதும். உடனே இவர் தொலைபேசியில், "அது கணக்கில்லையடா, திரும்பத் தொடங்கு" என்பார். அவர் தோற்றாலும் அப்படித்தான், தம்பி தோற்றாலும் அப்படித்தான். ஒரேயொரு முறை ஆட்டம் முதலிலிருந்து கடைசிவரை அறாமல் ஓடிற்று. தம்பி ஓர் அடியால் வென்றார். ரீச்சர் அந்த ஆட்டத்தைச் சேமித்து வைத்து, திங்கட்கிழமை எங்களைக் கூப்பிட்டு இருத்திக் காட்டினார். "பாருங்கோ, எப்பிடிப் பாயிறான் எண்டு." திரையில் பாய்ந்தது சட்டி பிடித்த சமையல்காரர்தான். அவர் பார்த்தது தம்பியை.

என்னுடைய விசயத்துக்கு வருகிறேன்.

நான் நெடுந்தீவுக்கு வந்தபோது மகனுக்கு ஐந்து மாதம். கணவருக்குக் கொழும்பில் வேலை. பிள்ளை யாழ்ப்பாணத்தில் என் அக்காவோடு இருந்தான். கதைக்கத் தொடங்கியபோது அக்காவைத்தான் "அம்மா" என்றான். என்னைக் கண்டால் அக்காவின் சட்டைக்குப் பின்னால் ஒளிப்பான். வெள்ளி இரவு ஒளிப்பான், சனி பின்னேரம் கிட்ட வருவான், ஞாயிறு மடியில் ஏறுவான், திங்கள் விடிய நான் வெளிக்கிட வேண்டும். அடுத்த வெள்ளி மறுபடி ஒளிப்பான்.

அக்காவின் கணவர், என் அத்தான், என் இடமாற்றத்துக்காக ஆரிடமோ கதைத்தார். எனக்கு அது தெரியும். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை.

இடமாற்றப் பட்டியல் வந்து ஆசிரியர் அறையில் ஒட்டப்பட்டது. தீவிலிருந்து இரண்டு பேர். முதலாவது மனையியல் ரீச்சர், சேவை ஏழு வருடம். இரண்டாவது நான். என் பெயருக்கு நேரே ஐந்து வருடம் நாலு மாதம் என்று போட்டிருந்தது. நான் அங்கே வந்து அப்போது மூன்று வருடம்கூட நிரம்பவில்லை. ஜெனி என்னைக் கட்டிப்பிடித்தாள். ரீச்சர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலுக்கு முன்னால் கனநேரம் நின்றார்.

அன்று பின்னேரம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"உம்மட வருசம் பிழை."

"தெரியும் ரீச்சர்."

"மேற்கால பள்ளிக்கூடத்து சேர் ஆறு வருசம். அவற்ற இடம் அது."

அந்த சேரை அவருக்குப் பிடிக்காது. கூட்டங்களில் எல்லாருக்கும் முன்னால் இவரைத் "தையல்காரி" என்று நக்கலடிக்கிறவர் அவர்.

"ரீச்சர், அந்த மனிசனுக்காகவோ கதைக்கிறீங்கள்?"

"மனிசனுக்காக இல்லை. நீர் எழுதும், வருசம் பிழை எண்டு. நீர் எழுதாட்டி நான் எழுதுவன். உமக்குச் சொல்லாமல் எழுதக்கூடாது, அதுதான் வந்தனான்."

நான் அழுதேன். மகனைப் பற்றி, அவன் ஒளிப்பதைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் கதவு நிலையைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார்.

"சின்னப் பிள்ளை இருக்கிற தாய்மாருக்குத் தனியா ஒரு விண்ணப்பம் இருக்கு. அதை எழுதுவம், நான் எழுதித் தாறன். இது பொய், பிள்ளை" என்றார்.

சொன்னபடியே இரண்டையும் எழுதினார். எனக்கான விண்ணப்பத்தைத் தன் உருண்டைக் கையெழுத்தில் நாலு பக்கம் எழுதினார். அதில் என் மகனைப் பற்றி இருந்ததை வாசித்தால் கல்லும் கரையும். அதற்குப் பதில் வரவேயில்லை. மற்றக் கடிதத்துக்கு ஒரு மாதத்தில் பதில் வந்தது. முறைப்பாடு கிடைத்ததால் பட்டியல் முழுவதும் நிறுத்தப்பட்டிருக்கிறது, அடுத்த வருடம் புதிதாக வரும்.

முழுவதும் என்றால் அவருடையதும்தான்.

"உங்கட இடமும் போச்சு ரீச்சர்! ஏழு வருசம்! ஆருக்கு என்ன லாபம்?" என்று குசினிக்குள் நின்று கத்தினேன்.

"ஓம், போச்சு" என்றார். பருப்பை இறக்கி வைத்தார். "அவங்கள் உம்மட பேரை மட்டும் வெட்டியிருக்க வேணும். அதுவும் பிழைதான். அதுக்கும் எழுதுவம்."

அன்றிலிருந்து நான் அவரோடு விளையாடவில்லை. அவர் ஒவ்வொரு பின்னேரமும் மூன்று கொன்ரோலர்களையும் எடுத்துப் பாயில் வைப்பார். நான் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவேன். மூன்றாவது கொன்ரோலர் அப்படியே கிடக்கும். கொப்பியில் என் வீதத்துக்கு நேரே ஒவ்வொரு கிழமையும் "விளையாடவில்லை" என்று எழுதினார்.

வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை படகு ஓடவில்லை. அடுத்த நாள் சனிக்கிழமை மகனுக்கு மூன்றாவது பிறந்தநாள். சனி விடியவும் துறைக்குப் போய்ப் பார்த்தேன். கடல் வெள்ளையாய்க் கிடந்தது. "ஏலாது ரீச்சர், போங்கோ" என்றார்கள். விடுதிக்குத் திரும்பி வந்தேன். ஜெனி தேவாலயத்துக்குப் போயிருந்தாள். ரீச்சர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தொலைபேசியில் வீடியோ எடுத்தாள். கேக் வெட்டியபின் மகன் முதல் துண்டை அக்காவின் வாயில் வைத்தான். அதோடு சிக்னல் போய்விட்டது.

நான் ரீவியைப் போட்டேன். கேம் பெட்டியைப் போட்டேன். சட்டப் பக்கத்தைத் தாண்டி, அதற்குக் கீழே சேமிப்பு என்றிருந்ததைத் திறந்தேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. ஓம் என்று அமத்தினேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. ஓம்.

அந்த விளையாட்டில் நாற்பது பேரும் தொடக்கத்திலேயே கிடைப்பதில்லை. எட்டுப் பேர்தான் இருப்பார்கள். கதைப் பகுதியை விளையாடி, மலை மலையாய்க் கடந்து, ஒவ்வொருவராக மீட்டு எடுக்கவேண்டும். தவளையையும் இன்னும் சிலரையும் நான் வர முன்னமே ரீச்சர் மீட்டிருந்தார்; மற்றவர்கள் எங்கள் மூவருக்கும் ஒரு முழு வருட வேலை. அது போயிற்று. தவளை அந்த எட்டில் இல்லை. தம்பியோடு அறாமல் ஓடிய அந்த ஒரே ஆட்டமும் போயிற்று. அதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பின்னேரம் அவர் வந்து ரீவிக்கு முன்னால் இருந்தார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஆராவது ஏதும் அமத்தினீங்களோ?"

"நான் இல்லை ரீச்சர். நேற்று நாடகம் பாத்திட்டு ரீவியை நிப்பாட்டினனான், அவ்வளவுதான்" என்றாள் ஜெனி.

"நானும் இல்லை" என்றேன்.

"சரி" என்றார். எட்டுப் பேரில் ஒருவனை எடுத்துக் கதைப் பகுதியை முதல் மலையிலிருந்து தொடங்கினார். அவன் கையில் நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருந்தான். தவளையை மீட்க அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. அவர் என்னை ஏசியிருந்தால், ஒரு முறை முகத்தைத் திருப்பியிருந்தால், எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவரோ மூன்று கொன்ரோலரையும் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருடப் பட்டியலில் ரீச்சரும் அந்த சேரும். எனக்கு இன்னும் முறை வரவில்லை. என் மகனுக்காக நாலு பக்கம் எழுதிய கை, தன்னுடைய இடத்தை எனக்கு விட்டுத்தருமோ என்று ஒரு நப்பாசை இருந்தது. ஜெனி அதை வாய்விட்டே கேட்டாள்.

"அது என்ர முறை" என்றார் ரீச்சர். அவ்வளவுதான்.

அவர் போன நாள் ஒரு திங்கட்கிழமை. ஜெனிக்கு வகுப்பு இருந்தது. வாசலில் வைத்து அழுது வழியனுப்பினாள். எனக்குக் கடைசி இரண்டு பாடமும் ஓய்வு. கேம் பெட்டி இருந்த பையை நான் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனேன். அதை எங்களுக்கு விட்டுப் போகலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை. "தம்பி எனக்கு அனுப்பினது" என்றார். அவருடைய தகரப் பெட்டியைப் படகின் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். அவர் உள்ளே போய் யன்னலோரம் இருந்தார். பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "உம்மட முறை வாற வருசம். வருசத்தைச் சரியாப் போட்டிருக்கினமோ எண்டு பாரும்" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. "ரீச்சர், அண்டைக்கு அழிச்சது நான்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று, "கேமை. நான்தான். வேணுமெண்டு அழிச்சனான்" என்று மறுபடி சொன்னேன்.

கோபம் வரும் என்று நின்றேன். அவருடைய முகம் வேறுமாதிரிப் போயிற்று. என்னைப் பிடிபட்டவளாய்ப் பார்க்கவில்லை. தானே பிடிபட்டது போல இருந்தார்.

"நான் ஜெனியையெல்லோ நினைச்சனான்" என்றார்.

"என்ன ரீச்சர்?"

"அவள்தான் கடைசியா ரீவியில இருந்தவள். சாட்சி இல்லையெண்டு வாய் திறக்கேல்லை. ஆனா உள்ளுக்க தீர்ப்பு எழுதிப்போட்டன். அவளின்ர அக்கான்ர கலியாணத்துக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிப் போகாமல் விட்டனான். எனக்குக் காய்ச்சல் இல்லை."

எழும்பினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்களை விலக்கி வந்தார். படகின் விளிம்பைப் பிடித்து இறங்கினார். படகின் முன் அணியத்தில் நின்ற படகுக்காரர், "ரீச்சர், எங்க போறியள்? இண்டைக்கு இனிப் படகில்லை!" என்று கத்தினார்.

"தெரியும்."

"அப்ப பெட்டி?"

"அது போகட்டும். குறிகட்டுவான் துறையில இறக்கி வைச்சுவிடுங்கோ."

"ரீச்சர், விசரோ? நாளைக்குக் காலமை புதுப் பள்ளிக்கூடத்தில கையெழுத்து வைக்க வேணுமெல்லோ! ஜெனிக்கு இது தெரியவே தெரியாது. போனில சொல்லலாம்" என்று கையைப் பிடித்தேன்.

"பிந்தி வந்ததெண்டு எழுதட்டும்" என்று கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். நான் அவருக்குப் பின்னால் ஓடினேன். உச்சி வெயில். தெருவின் இரண்டு பக்கமும் கல்வேலி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மட்டக் குதிரைகள் நிழலில்லாமல் தலை தொங்கி நின்றன. அவர் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒப்புக்கொண்டது நான், குற்றம் செய்தது நான். அதைக்கூட என்னிடம் விடாமல் இந்த மனுசி தன் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறாவே என்று நினைத்தேன்.

ஜெனி நாலாம் வகுப்பில் பெருக்கல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ரீச்சரைக் கண்டதும் வெண்கட்டியோடு அப்படியே நின்றாள். "ஐயோ ரீச்சர், படகை விட்டிட்டீங்களோ?"

"பிள்ளை, நான் உம்மை ஒரு வருசமாப் பிழையா நினைச்சிட்டன். கேமை அழிச்சது நீர் எண்டு நினைச்சன். அதாலதான் கலியாணத்துக்கு வரேல்லை, காய்ச்சல் எண்டது பொய். அது என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். மூச்சு வாங்கிற்று. வேர்வையில் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. முப்பது பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள்.

"அதுக்கு இப்ப ஏன் ரீச்சர்... நீங்கள் ஏன் இறங்கினனீங்கள்? அப்ப ஆர் அழிச்சது?"

"நான் சொல்ல வேண்டியது முடிஞ்சுது" என்று ரீச்சர் வாங்கிலின் நுனியில், ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

ஜெனி வெண்கட்டியை மேசையில் வைத்தாள். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.